குமரிமுனைக்கு நேர் தெற்கே

1. எல்லா ஊருக்கும் தெற்கே கடல்

காலாண்டுத் தேர்வு விடைத்தாள்களைத் திருத்தும்போது எனக்குத் தலை சுற்றியது. சென்னைக்கு எந்தத் திசையில் கடல் என்று கேட்டிருந்தேன். ஒன்பதாம் வகுப்பில் பாதிக்கு மேல் தெற்கு என்று எழுதியிருந்தார்கள். மும்பைக்கும் தெற்கு. சுலபமான கேள்வி, மார்க் அள்ளட்டும் என்று நினைத்துக் கேட்டது அது.

யோசித்துப் பார்த்தால் பிள்ளைகள் மேல் தப்பில்லை. எங்கள் பள்ளி குமரி மாவட்டத்துக் கடற்கரையில் இருந்தது. அங்கே வாசலில் நின்றால் தெற்கே கடல், வடக்கே மலை. கடற்கரைக்குக் கிளம்புகிறவர் ‘தெக்க போறேன்’ என்றுதான் சொல்வார். அந்தப் பிள்ளைகளுக்குக் கடலும் தெற்கும் ஒன்றுதான். நான் மலையோரத்து அருமனைக்காரன், ரப்பர் மரங்களுக்கு நடுவே வளர்ந்தவன். எனக்குக் கடல் என்பது பஸ் ஏறிப் போய்ப் பார்த்துவிட்டுத் திரும்புகிற ஒன்று. அதனால் அந்தப் பதிலின் காரணம் மெதுவாகத்தான் பிடிபட்டது.

போர்டில் எத்தனை தடவை வரைந்து காட்டியும் ஏறவில்லை. அந்தச் சமயத்தில் நாகர்கோவிலில் ஒரு கம்ப்யூட்டர் கடையில் கப்பல் ஓட்டும் வீடியோ கேம் சிடி கிடைத்தது. உண்மையான உலக மேப்பை அப்படியே வைத்துச் செய்த கேம். ஒரு துறைமுகத்தில் சரக்கு ஏற்றி, திசையை டிகிரியில் கொடுத்து, இன்னொரு துறைமுகம் போய்ச் சேர வேண்டும். ஒரு கீயை அழுத்தினால் நாட்கள் வேகமாக ஓடும். வாரம் ஒரு பீரியட் கம்ப்யூட்டர் ரூமைத் தர ஹெட்மாஸ்டர் அரைமனதாகச் சம்மதித்தார்.

முதல் வாரம் ஒரே கூத்து. மும்பையில் கிளம்பிய கப்பலைத் தெற்கே திருப்பித் தரையில் ஏற்றினார்கள். அலெக்சாண்டிரியாவில் கிளம்பியவர்கள் எகிப்துக்குள்ளேயே போகப் பார்த்தார்கள். தரை தட்டினால் சரக்கு போய்விடும், மறுபடி முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டும். நான் வாயைத் திறக்கவில்லை. சில வாரங்களில் அவர்களே கிளம்பும் முன் மேப்பைத் திறந்து, கடல் எந்தப் பக்கம் என்று தங்களுக்குள் சண்டை போட ஆரம்பித்தார்கள். என் சர்வீஸில் மேப்புக்காகப் பிள்ளைகள் சண்டை போட்டு அதுவரை பார்த்ததில்லை.

2. புகார்

ஷைனி என்ற மாணவியின் அப்பா சூசை, ஆழ்கடல் போட்டில் மீன் பிடிக்கப் போகிறவர். போனால் திரும்பி வர வாரக்கணக்கில் ஆகும். அப்படிக் கரைக்கு வந்தவர் பள்ளிக்கூடத்தில் என்ன நடக்கிறது என்று மகளிடம் கேட்டிருக்கிறார். கேம் விளையாடுகிறோம் என்று அவளும் பெருமையாகச் சொல்லியிருக்கிறாள். மறுநாளே மனிதர் ஹெட்மாஸ்டர் முன்னால் வந்து நின்றார்.

“எம் மவ பத்தாங்கிளாசுக்குப் போவப் போறா சாரே. இத நிப்பாட்டலேன்னா நான் பிள்ளைய வேற பள்ளியில கொண்டு சேத்துருவேன்.”

ஹெட்மாஸ்டருக்கு இது போதும். என்னைக் கூப்பிட்டு, சூசையையே கம்ப்யூட்டர் ரூமுக்குக் கூட்டிப்போய்க் காட்டுங்கள், அவருக்குச் சமாதானம் ஆகவில்லை என்றால் இன்றோடு சிடியை பீரோவில் வைத்துப் பூட்டிவிடுவேன் என்றார். பிள்ளைகளுக்கு இப்போதுதான் திசை பிடிபட்டிருந்தது. பாதியில் விட்டால் மறுபடியும் சென்னைக்குத் தெற்கே கடல் வந்துவிடும்.

3. வெறும் நீலம்

நாங்கள் உள்ளே போனபோது ஷைனி சரக்கையெல்லாம் இறக்கிவிட்டு, காலிக் கப்பலைக் குமரிமுனைக்கு முன்னால் நிறுத்தியிருந்தாள். திசை நூற்றெண்பது டிகிரி. நேர் தெற்கு. இத்தனை வாரம் கழித்தும் தெற்கா, அதுவும் இன்றைக்கா! எந்தத் துறைமுகத்துக்குப் போகிறாய் என்று கேட்டேன்.

“துறைமுகத்துக்கு இல்ல சார். நம்ம ஊருக்குத் தெக்க என்ன இருக்குன்னு பாக்கணும்.”

ஒன்றுமில்லை, அண்டார்டிகா பனிதான் என்றேன். ஆசிரியர்கள் நாங்கள் எல்லோரும் வகுப்பில் அப்படித்தான் சொல்வது வழக்கம். அவள் கீயை அழுத்தினாள்.

நாட்கள் ஓடின. மாலத்தீவு மேற்கே ஒதுங்கிப் போனது. பூமத்திய ரேகையைத் தாண்டினோம். சூசை மகளின் நாற்காலிக்குப் பின்னால் வந்து, திரையில் விரல் வைத்து, “இதுவரைக்கும் நாங்க போயிருக்கோம்” என்றார். குமரியிலிருந்து காஷ்மீருக்கு உள்ள தூரம் போனோம். அப்புறமும் வெறும் நீலம். மற்ற பிள்ளைகள் தங்கள் கப்பல்களை அப்படியே விட்டுவிட்டு வந்து கூடினார்கள். இவ்வளவு தண்ணீரா இந்த வாசலுக்கு முன்னால் கிடக்கிறது என்று எனக்கே மலைப்பாக இருந்தது.

திடீரென்று எச்சரிக்கை மணி அடித்தது. முன்னால் தரை.

கேமில் கோளாறு என்று நினைத்து அட்லஸை எடுத்தேன். இந்தியப் பெருங்கடலில், ரொம்பக் கீழே, கடுகளவு ஒரு புள்ளி. ஆம்ஸ்டர்டாம் தீவு. ஸ்கேலை வைத்துப் பார்த்தேன். குமரிமுனை நிற்கிற அதே எழுபத்தேழரை டிகிரி தீர்க்கரேகையில் அதுவும் நின்றது. இந்தப் பிள்ளைகள் தினமும் பார்த்து நிற்கிற கடலின் அந்தப் பக்கம், எதிர்வீடு மாதிரி ஒரு தீவு இருந்திருக்கிறது. இத்தனை வருடம் நான் அதற்கு ஒன்றுமில்லை என்று பெயர் வைத்திருந்தேன்.

சூசைதான் முதலில் பேசினார்.

“அங்க ஆளு உண்டா மக்கா?”

ஷைனிக்குத் தெரியவில்லை. எனக்கும் தெரியவில்லை. அன்று பள்ளி விட்டதும் அப்பாவும் மகளும் நேராக பிரவுசிங் சென்டருக்குப் போயிருக்கிறார்கள். அது பிரெஞ்சுக்காரர்களின் தீவு, குடும்பங்கள் கிடையாது, ஆராய்ச்சி செய்கிறவர்கள் கொஞ்சம் பேர் மட்டும் உண்டு, சுற்றியுள்ள கடலில் சிங்கி இறால் கிடைக்கும் என்று தெரிந்துகொண்டு வந்தார்கள். மறுநாள் காலையில் சூசை மறுபடியும் ஹெட்மாஸ்டர் முன்னால் நின்றார்.

“இது நடக்கட்டு சாரே. எம் பிள்ள நான் போன எடத்துக்கும் அந்தப் பக்கம் போயிட்டு வந்துட்டா.”

சிடி பீரோவுக்குப் போகவில்லை. அடுத்த வாரம் ஹெட்மாஸ்டரே உள்ளே வந்து, தனக்கும் ஒரு கப்பல் கிடைக்குமா என்று கேட்டார்.

4. பேப்பர் பத்தவில்லை

புதிதாக வேலைக்கு வரும் ஆசிரியர்களுக்கு நான் சொல்வது ஒன்றுதான். பிள்ளைகள் தப்பான திசையில் போனால் உடனே பிடித்துத் திருப்பாதீர்கள். அங்கே ஒன்றுமில்லை என்று சொல்லும் முன் ஒரு தடவை கூடவே போய்ப் பாருங்கள்.

அரையாண்டுத் தேர்வில் இந்தியா மேப் கொடுத்திருந்தேன். ஷைனி சென்னைக்குக் கிழக்கே கடல் எழுதியிருந்தாள், மும்பைக்கு மேற்கே. எல்லாம் சரி. ஆனால் குமரிமுனையிலிருந்து பென்சிலால் ஒரு கோடு நேராகக் கீழே இறங்கி, தாளின் ஓரம்வரை வந்து நின்றது. பக்கத்தில் பொடி எழுத்தில், ‘இன்னும் தெக்க ஒரு தீவு இருக்கு சார். பேப்பர் பத்தல’ என்று எழுதியிருந்தாள்.

கேள்வியில் அது இல்லை, அதற்கு மார்க் போட வழியும் இல்லை. விடைத்தாளைத் திருப்பிக் கொடுக்கும்போது அதன் அடியில் இரண்டு வெள்ளைத்தாளை ஒட்டிக் கொடுத்தேன். மீதிக் கோட்டை அவளே போட்டுக்கொள்ளட்டும்.