கண்ணாடி சிகாமணி செய்த அழுக்கு ஐஸ்

தேங்காய்த்திட்டு மீன்பிடித் துறைமுகத்தில் தெய்வசிகாமணி எங்கே என்று கேட்டால் ஒருத்தருக்கும் தெரியாது. கண்ணாடி சிகாமணி என்று கேளுங்கள், ஏலக்கூடத்துப் பூனைகூட வழி காட்டும். மனுஷன் கண்ணாடி போட்டவர் இல்லை. துறைமுகத்தை ஒட்டிய ஐஸ் கம்பெனியில் முப்பத்தோரு வருஷமாக ஆப்பரேட்டர். அவர் செய்த ஐஸ் பாருக்கு, அதாவது முழு ஐஸ் கட்டிக்கு, அந்தப் பக்கம் பேப்பரைப் பிடித்தால், இந்தப் பக்கம் நின்று தலைப்புச் செய்தியை வாசிக்கலாம். அதனால் வந்த பெயர்.

மீனுக்குப் போடுகிற ஐஸ்தானே, குளிர்ந்தால் போதாதா என்று அவரிடம் மட்டும் கேட்டுவிடாதீர்கள். அரை நாள் போய்விடும். ஐஸ் வார்க்கிற தகரக் கேனில் ஊற்றிய தண்ணீர் ஓரத்திலிருந்துதான் உறையும். உப்பும் அழுக்கும் நடுவில் வந்து ஒதுங்கும். காற்றுக் குழாயை விட்டுக் குமிழி ஓடவைத்து, நடுவில் மிஞ்சிய கலங்கல் தண்ணீரை உறிஞ்சிக் கொட்டிவிட்டு, நல்ல தண்ணீரை ஊற்றினால்தான் ஐஸ் தெளியும். இத்தனை சள்ளை யார் படுவார்கள்? இவர் படுவார். தப்பித்தவறி நடுவில் வெள்ளை விழுந்த பார் ஒன்று வந்துவிட்டால் அது வாசலைத் தாண்டாது. சுவரில் தொங்கும் சுத்தியலை எடுத்துத் தன் கையாலேயே உடைத்துத் தள்ளிவிட்டுத்தான் மறுவேலை பார்ப்பார்.

ஆகவே அமிர்தவல்லி மேடம் தேடி வந்தது சரியான ஆளைத்தான். நோணாங்குப்பத்துக்காரர், ஊரிலுள்ள ஒரு இன்ஜினியரிங் கல்லூரியில் பேராசிரியை, சிகாமணியைவிட இரண்டு வயது சின்னவர். வியாழன் கிரகத்தைச் சுற்றும் யூரோப்பா என்ற நிலாவுக்குக் கருவி அனுப்பத் திட்டம் போடுகிற குழுவில் அவரும் ஒருவர். அந்த நிலா முழுக்க ஐஸ் மூடிக் கிடக்கிறதாம். ஐஸை உருக்கிக்கொண்டே கீழே இறங்குகிற கருவி ஒன்றை அவர் செய்திருந்தார். ஒரு முழ நீளம், செம்பு மூக்கு, உள்ளே சூடு.

“அண்ணே, இத சோதிச்சுப் பாக்க நல்ல ஐஸா ஒரு பார் வேணும்.”

“நல்ல ஐஸா? எங்கிட்ட வேற ஐஸே கிடையாது மேடம். எப்ப அனுப்பப் போறீங்க இத?”

“எல்லாம் கூடி வந்தா இருபது வருஷம் ஆகும்ணே. இப்போதைக்குத் திட்டம்தான். அஞ்சு மாசத்துல வெளியூர்லேருந்து மூணு பேர் வந்து பாப்பாங்க. அவங்க சரின்னு சொன்னாத்தான் மேல போகலாம். இல்லன்னா மூட்டை கட்ட வேண்டியதுதான்.”

கம்பெனியின் பின்கொட்டகையில் சோதனை நடந்தது. செம்பு மூக்கு சர்ரென்று இறங்கியது. ஐஸ் அவ்வளவு தெளிவாக இருந்ததால், அது இறங்குகிற ஒவ்வொரு விரற்கடையும் வெளியிலிருந்தே தெரிந்தது. எல்லாரும் கைதட்டினார்கள். பாரின் பக்கத்தில் சிகாமணியை நிறுத்திப் போட்டோ எடுத்த மேடம், திட்ட அறிக்கையில் அவருக்கு நன்றி போடுவதாகவும் சொன்னார். அந்தப் போட்டோவை வைத்திக்குப்பத்தில் மீன் விற்கிற அவர் மனைவி சொர்ணம், மீன் வாங்க வந்தவர் வராதவர் எல்லாருக்கும் காட்டித் தீர்த்துவிட்டார்.

சிகாமணி சந்தோஷத்தில் குதித்திருக்க வேண்டும். ஆனால் மூன்று நாளாகச் சோறு இறங்கவில்லை.

“இன்னாயா, குழம்பு நல்லால்லியா?” என்றார் சொர்ணம்.

“குழம்பு நல்லாத்தான் இருக்கு. ஐஸுதான் சரியில்ல.”

“உன் ஐஸா?”

“காத்துக் குழாய் உறைஞ்சி மாட்டிக்கிச்சின்னா, கம்பியக் காய்ச்சி வுட்டு எடுப்பேன் இல்ல? தெளிஞ்ச ஐஸுல கம்பி வழுக்கிக்கினு போவும். தப்பித்தவறி மண்ணு கலந்துட்டா பாதியில நின்னுடும். ஐஸு உருக உருக மண்ணெல்லாம் கம்பிக்குக் கீழயே படிஞ்சிடும், சூடு தாண்டாது. அந்த நிலாவுல ஐஸுக்குக் கீழ கடல் இருக்குன்றாங்க. கடலு உறைஞ்சா என் ஐஸு மாதிரியா இருக்கும்? காத்துக் குழாய வுட்டுக்கினு எந்த சிகாமணி அங்க உக்காந்திருக்கான்?”

“அப்ப போயி சொல்லேன்யா.”

“சொன்னா, அழுக்கு ஐஸு யாரு செஞ்சி தர்றது?”

சொர்ணம் அவரை ஏற இறங்கப் பார்த்தார். “ஏன், உனக்குக் கை இல்லியா?”

கை இருந்தது. அந்தக் கைக்கு முப்பத்தோரு வருஷமாகக் கட்டிக் காத்த பெயரும் இருந்தது. அதுதான் குறுக்கே நின்றது. வாயை மூடிக்கொண்டிருந்தால் அறிக்கையில் நன்றி. வாயைத் திறந்தால் தன் கையாலேயே கெட்ட ஐஸ். மறுநாள் காலையில் மேடத்துக்குப் போன் போட்டு வாயைத் திறந்துவிட்டார்.

“உப்பு இருக்கும்னு நானே தாள்ல எழுதி வச்சிருக்கேன்ணே. சோதனைக்கு மட்டும் பளிங்கு மாதிரி கேட்டு வாங்கியிருக்கேன் பாருங்க, எனக்கு எங்க போச்சு புத்தி?” என்றார் அமிர்தவல்லி.

மூலையிலிருந்த கேன் ஒன்றில் கழிமுகத்துத் தண்ணீரை ஊற்றி, இரண்டு கை வண்டலைப் போட்டார் சிகாமணி. காற்றுக் குழாய் விடவில்லை. ஒரு நாளில் உறைகிறது இரண்டு நாள் எடுத்துக்கொண்டது. கவிழ்த்தபோது கேழ்வரகுக் கூழ் நிறத்தில், கலங்கலாக, பார்க்கச் சகிக்காத ஒரு பார் வந்து விழுந்தது. கை தன்னால் சுத்தியலைத் தேடியது. அடக்கிக்கொண்டு, இரண்டு சாக்கைப் போட்டு மூடிக் கொட்டகைக்குத் தள்ளிக்கொண்டு போனார்.

தன் மீன்பிடி போட்டுக்கு ஐஸ் ஏற்ற வந்து நின்ற போட்டுக்காரர் அம்மாவாசை சும்மா இருப்பாரா? சாக்கைத் தூக்கிப் பார்த்துவிட்டார்.

“யோவ் கண்ணாடி! சாக்கடைய மொண்டு கேன்ல ஊத்திட்டியா? இத என் போட்டுல ஏத்திடாதய்யா, மீனு கோச்சிக்கும்!”

வரிசையில் நின்றவர்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். சிகாமணி சாக்கை இழுத்து மூடினார். மனுஷனுக்கு அவமானம் பிடுங்கித் தின்றது. சாயங்காலத்துக்குள் கண்ணாடியில் கீறல் விழுந்துவிட்டது என்று துறைமுகம் முழுக்கப் பேச்சு.

கருவி அந்த ஐஸில் ஒரு சாண்தான் இறங்கியது. பிறகு ஒரு பக்கமாகச் சாய்ந்து நின்றுவிட்டது. சிகாமணி சொன்னது போலவே அடியில் வண்டல் படிந்து கிடந்தது. அமிர்தவல்லி மீன் அள்ளுகிற பெட்டி ஒன்றைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்துவிட்டார்.

“அங்க போயி இப்படி நின்னிருந்தா என்னண்ணே ஆயிருக்கும்? இத்தனை வருஷப் பாடு ஒரு சாண்ல முடிஞ்சிருக்கும். தூக்கி வுடக்கூட ஆள் இல்லாத இடம்.” சொல்லிவிட்டு எழுந்து முந்தானையைச் செருகிக்கொண்டார். “இன்னொரு பார் போடுங்க.”

நான்கு மாதத்தில் பதினாலு பார் போட்டார். அங்கேதான் பாருங்கள், நம்ம ஆளின் பிடிவாதம் மறுபடி தலைதூக்கியது. ஒன்றில் மண் கூடி ஒன்றில் குறைந்தால் எதை வைத்து ஒப்பிடுவது? உப்பை நிறுத்துப் போட்டார். வண்டலைச் சலித்துப் போட்டார். மண் அடியில் தங்காமல் பார் முழுக்கப் பரவ வேண்டுமென்று நான்கு தடவையாக ஊற்றி உறையவைத்தார். தெளிந்த ஐஸுக்குப் பட்ட பாட்டைவிட இதற்கு இரண்டு மடங்கு. மேடம் அந்தப் பக்கம் செம்பு மூக்கில் துளை போட்டு, உருகிய தண்ணீரையே பீய்ச்சி வண்டலை ஒதுக்க வழி செய்தார். பதினாலாவது பாரில் மூக்கு அடியைத் தொட்டபோது முதலில் கத்தியது மேடம் இல்லை, சிகாமணி.

வெளியூரிலிருந்து மூன்று பேரும் வந்தார்கள், பார்த்தார்கள், சரி என்றார்கள். கூடவே ஒன்று சொன்னார்கள்: அந்த நிலாவுக்கென்று திட்டமிடுகிற மற்ற கருவிகளையும் இனி இதே ஐஸில்தான் சோதிக்க வேண்டும். முதலில் நான்கு பார் கல்லூரிக்கு வர வேண்டும். அமிர்தவல்லி திட்ட அறிக்கையில் ஐஸைப் பற்றிய பக்கத்தைக் கொண்டுவந்து காட்டினார். ‘சோதனை ஐஸ்: தெய்வசிகாமணி முறை, தேங்காய்த்திட்டு’ என்று போட்டிருந்தது. சிகாமணி அதை இரண்டு தடவை படித்தார். கண் கலங்கியதை மறைக்கவில்லை.

“இது போறப்ப நான் இருக்கேனோ இல்லியோ மேடம்.”

“நீங்க சொன்னது கூடவே போவும்ணே.”

மறுநாள் காலை நான்கு பாரையும் மினி வேனில் ஏற்றினார்கள். ஏலம் நடக்கிற நேரம். வண்டி அந்த வழியாகத்தான் போயாக வேண்டும். லோடு ஏற்றியவர் பழக்கத்தில் சாக்கை எடுத்து விரிக்கப் போனார். “அதெல்லாம் வேணாம். தெறந்தே கிடக்கட்டும்,” என்று சொல்லிவிட்டு சிகாமணி தானே பின்னால் ஏறி நின்றுகொண்டார்.

ஏலக்கூடத்துக்கு முன்னால் அம்மாவாசை குரல் கொடுத்தார். “கண்ணாடி! மறுபடியும் சாக்கடை ஐஸா? யார்யா செஞ்சது இத?”

சிகாமணி வேனைத் தட்டி நிறுத்தினார். ஏலம் கேட்டுக்கொண்டிருந்தவர்கள் எல்லாம் திரும்பிப் பார்த்தார்கள். கூழ் நிறத்து ஐஸ்மேல் கையை வைத்துக்கொண்டு, கடைசியில் நிற்கிறவருக்கும் கேட்கிற குரலில் சொன்னார்:

“தெய்வசிகாமணி செஞ்சது. கிட்ட வந்து நல்லா பாத்துக்க.”