லேமினேட் செய்த கையெழுத்து

எங்கள் கல்லூரி விழாவுக்கு வந்த ஓட்டப்பந்தய வீராங்கனை என் நோட்டுத்தாளில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். இந்தியாவுக்காக ஓடியவர். நான் பேனாவை நீட்டியதும் எழுந்து நின்று வாங்கிக்கொண்டார். அந்தப் பணிவை இன்றும் வியக்கிறேன்.

நான் இணையத்தில் போட்ட அந்தத் தாளின் படத்தைப் பார்த்த சென்னைக் கையெழுத்துச் சேகரிப்பாளர் ஒருவர், தாளுக்குப் பன்னிரண்டாயிரம் ரூபாய் தருவதாகச் சொன்னார். பழைய லேப்டாப் ஒன்று வாங்கிவிடலாம். மனசில்லாமல்தான் சம்மதித்தேன்.

மறுநாள் விசைத்தறிக் கூடத்திலிருந்து வந்த அப்பா, அதே தாளைப் பளபளவென்று லேமினேட் செய்து கொண்டுவந்திருந்தார். எங்கள் வீட்டில் முதலில் படித்தவள் நான். என் மார்க் ஷீட்டுகளையெல்லாம் அவர் இப்படித்தான் காப்பாற்றி வைத்திருக்கிறார்.

சேகரிப்பாளரிடம் சொன்னேன். பிளாஸ்டிக் ஒட்டிய கையெழுத்துக்கு மதிப்பில்லை, வேண்டாம் என்றார். அப்பாவிடம் விஷயத்தைச் சொன்னேன்.

"அம்புட்டு ரூவா குடுக்கவன், தண்ணி பட்டா என்ன செய்வானாம்? கிறுக்கனா இருப்பான் போல," என்றார். பிறகு, "ஏட்டி, நீ கையெழுத்துப் போட்டா எவ்வளவு தருவான்?"

"ஒத்தப் பைசா தரமாட்டான்ப்பா."

"அவனுக்கு என்ன தெரியும்!"

விற்காமல் போனதில் எனக்குள் ஒரு நிம்மதி. லேப்டாப்புக்காக, அடுத்த வாரமே தெருப் பிள்ளைகளுக்கு டியூஷன் எடுக்கத் தொடங்கினேன்.