பச்சைமலையில் மூன்று சுற்று

ஸ்ரீரங்கத்தில் வளர்ந்தவர்களுக்கு வழி தவறிப் பழக்கம் கிடையாது. எந்தத் தெருவில் கொண்டுபோய் விட்டாலும் அண்ணாந்து பார்த்தால் ஏதாவது ஒரு கோபுரம் தெரியும். அது தெற்கு வாசலா வடக்கு வாசலா என்று பார்த்துக்கொண்டு வீடு வந்து சேர்ந்துவிடலாம். இதை வைத்துக்கொண்டு, எங்கள் குடும்பத்தில் எல்லோருக்கும் திசை தெரியும் என்று ஒரு நினைப்பு இருந்தது. பச்சைமலைக்குப் போன அன்றுதான் அது போயிற்று.

எனக்கு அப்போது ஒன்பது வயது. அம்மாவின் தம்பி, அதாவது என் மாமா, படித்து முடித்தும் எந்த வேலையிலும் ஒட்டவில்லை. மலையேற்றம் என்றால் மட்டும் உயிர். ஆபீஸ் போகிறவர்களையும் காலேஜ் பிள்ளைகளையும் சனி, ஞாயிறுகளில் மலைக்குக் கூட்டிப்போய்ப் பத்திரமாகத் திருப்பிக் கொண்டுவருவதையே தொழிலாகச் செய்யப்போகிறேன் என்றார். பாலக்கரையில் இரும்புச் சாமான் கடை வைத்திருந்த தாத்தாவுக்கு அது தொழிலாகவே படவில்லை. வீட்டில் யார் பேச்சையும் கேட்காத தாத்தா, மருமகன் என்பதால் அப்பாவின் பேச்சை மட்டும் கேட்பார். அம்மா அழுது அடம்பிடித்ததில் ஒரு வழிக்கு வந்தார். அப்பா ஒருநாள் கூடப் போய்ப் பார்க்க வேண்டும். அவர் சரி என்றால் மாமா மலைக்குப் போகலாம். இல்லை என்றால் மறுநாளே கடையில் வந்து உட்கார வேண்டும். ஆணியும் போல்ட்டும் நிறுத்துக்கொண்டே காலம் தள்ளப்போகும் மாமாவை நினைத்து எனக்கே பாவமாக இருந்தது.

துறையூர் போய், அங்கிருந்து மலை பஸ் ஏறி, மேலே ஒரு சின்ன ஊரில் இறங்கினோம். அப்பா, அம்மா, நான், என் குட்டித் தம்பி, முன்னால் மாமா. குச்சிக்கிழங்கு, அதாவது மரவள்ளிக் காட்டு வழியாக ஒற்றையடிப் பாதையில் நடந்து ஓர் அருவியைப் பார்த்துவிட்டு, சாயங்காலம் கடைசி பஸ்ஸுக்குத் திரும்பிவிட வேண்டும் என்பது திட்டம். தண்ணீர் பாட்டில், கடலை மிட்டாய், தம்பிக்கு மாற்று டிராயர் என்று மாமா எல்லாவற்றையும் யோசித்து எடுத்து வந்திருந்தார். அப்பா பரீட்சை ஹாலில் உலாத்தும் வாத்தியார் மாதிரி கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நடந்தார்.

பாதி தூரத்தில் நாலு தடங்கள் ஒன்றுகூடும் இடம் வந்தது. நடுவில் ஒரு மரம், அதன் அடியில் மஞ்சள் பூசிய கல்தான் சாமி. அம்மா நின்ற இடத்திலேயே கன்னத்தில் போட்டுக்கொண்டு, "வர்றப்ப நல்லா கும்பிட்டுக்கலாம்" என்று நடந்தாள். எல்லோரும் போன பிறகு மாமா பச்சைக் கொப்புகளை ஒடித்து, நாங்கள் போகாத இரண்டு தடங்களுக்கும் குறுக்கே போட்டார். நான் மட்டும் திரும்பிப் பார்த்தேன். இவ்வளவு பெரியவர் இலையைப் பிய்த்து விளையாடுகிறாரே என்று எனக்குச் சிரிப்பு வந்தது.

அருவியில் தண்ணீர் நூல் மாதிரி விழுந்தது. இருந்தாலும் குளித்தோம். திரும்பும்போது தம்பிக்கு டிராயர் மாற்றிக்கொண்டு மாமா பின்தங்கிவிட, நாங்கள் முதலில் மரத்தடிக்கு வந்துவிட்டோம். சாமி இருக்கும் இடத்தில் இலையும் தழையும் கிடப்பதை அம்மாவால் பார்த்துக்கொண்டிருக்க முடியவில்லை. எங்கள் தெருவில் விடிவதற்கு முன்னால் முதலில் வாசல் பெருக்குகிறவள் அவள். ஒரு கொப்பையே விளக்குமாறாகப் பிடித்து மொத்தத்தையும் கூட்டி ஓரமாகத் தள்ளினாள். பிறகு அவளும் நானும் அப்பாவும் வலமாக மூன்று சுற்றுச் சுற்றினோம். சுற்றி முடித்து நிமிர்ந்தபோது நாலு தடமும் ஒன்று போலவே இருந்தன. நாங்கள் வந்த தடம் எது என்று கேட்டால்கூட எனக்குச் சொல்லத் தெரிந்திருக்காது.

தம்பியைத் தோளில் தூக்கிக்கொண்டு மாமா வந்தார். தரையைப் பார்த்தார்.

"இங்க தழை கிடந்துச்சே..."

"ஒரே குப்பையா கிடந்துச்சு. நான்தான் கூட்டித் தள்ளினேன்" என்றாள் அம்மா. முகத்தில் அப்படி ஒரு நிறைவு.

மாமா வாயைத் திறந்து மூடினார். அப்பாவை ஒரு முறை பார்த்தார். பிறகு கொஞ்ச நேரம் நாலு பக்கமும் பார்த்துவிட்டு, "இப்படிப் போகலாம்" என்று ஒரு தடத்தில் இறங்கினார்.

அந்தத் தடம் முந்திரிக் காட்டுக்குள் போய், அங்கேயே காணாமல் போயிற்று. திரும்பி நடந்தால் மரத்தடியும் வரவில்லை. யாருடைய போனிலும் சிக்னல் இல்லை. வெயில் இறங்கிக்கொண்டிருந்தது. கரடி இருக்குமா என்று தம்பி கேட்டான். நாங்கள் இங்கேயே செத்துப்போய்விடுவோம் என்று நிச்சயமாக நம்பினேன்.

அப்பா அப்போதுதான் கையைப் பின்னாலிருந்து எடுத்தார். "வழியெல்லாம் அத்துப்படின்னு சொன்னியே மாப்ள."

"மறந்துட்டேன் மச்சான்" என்றார் மாமா.

அப்பாவை விட அம்மாதான் பிடிபிடி என்று பிடித்துக்கொண்டாள். "உனக்காக எவ்வளவு மல்லுக்கட்டினேன். பச்சப் புள்ளைங்களைக் கூட்டிட்டு வந்திருக்கோம். நாலு தடம் பிரியிற இடத்துல ஒரு அடையாளமாவது வச்சிருக்க வேணாமாடா?"

"வச்சிருக்கணும்க்கா" என்றார் மாமா. தம்பியைத் தோளில் சரியாக ஏற்றிக்கொண்டு நடந்தார்.

நான் அழ ஆரம்பித்து, கண் தெரியாமல் நடந்து, எதிலோ கால் தடுக்கி விழுந்தேன். சருகுக்குள் கிடந்த ஒரு கறுப்பு ஓஸ். மலையில் ஊற்றுத் தண்ணீரை வீடுகளுக்கு இப்படித்தான் கொண்டுபோகிறார்கள். அப்பாவுக்குக் குடிநீர்க் குழாய் பதிக்கும் வேலை. என்னைத் தூக்கிவிடக்கூடத் தோன்றாமல் ஓஸின் பக்கத்தில் மண்டியிட்டு உட்கார்ந்துவிட்டார். "ஒரு முனையில ஊத்து, இன்னொரு முனையில வீடு" என்றார். எந்தப் பக்கம் வீடு என்பதுதான் தெரியவில்லை. தடவிக்கொண்டே போய் ஓர் இணைப்பைக் கண்டுபிடித்துப் பிடுங்கினார். ஒரு பக்கத்திலிருந்து தண்ணீர் பீய்ச்சி அவர் சட்டையை நனைத்தது. அப்பா மறுபக்கத்தைக் காட்டிச் சிரித்தார். அன்று காலையிலிருந்து அவர் சிரித்தது அதுதான் முதல் தடவை.

ஆனால் ஓஸைத் திரும்ப மாட்டுவது பிடுங்கிய மாதிரி சுலபமாக இல்லை. அப்பாவும் மாமாவும் ஆளுக்கொரு முனையைப் பிடித்துக்கொண்டு மல்லாடினார்கள். அதற்குள் அப்பா காட்டிய பக்கத்திலிருந்து ஒரு பெண் குரல் வந்தது.

"யாரு அங்க ஓஸைப் புடுங்குறது? பாதி குடம் ரொம்பல, தண்ணி நின்னு போச்சு."

கையில் காலிக் குடத்தோடு ஓஸைப் பிடித்துக்கொண்டே ஓர் அக்கா வந்தார். தொப்பலாக நனைந்து நின்ற எங்களைப் பார்த்ததும் திட்டுவதை நிறுத்திவிட்டார். அவ்வளவு திட்டுக் கேட்டும் அப்படிச் சந்தோஷப்பட்ட குடும்பம் வேறு இருந்திருக்காது. அம்மா போய் அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். "பஸ் இன்னும் போகல, வாங்க" என்று அவர் முன்னால் நடந்தார். பஸ் விளக்கு கண்ணில் பட்டதும் எனக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

பஸ்ஸில் அம்மாவும் தம்பியும் உட்கார்ந்ததுமே தூங்கிப்போனார்கள். சீட் காலியாக இருந்தும் மாமா முன்னால் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார். எனக்கு அவர் மேல் அடங்காத கோபம். இவரால்தானே இத்தனையும். கூட ஒரு குற்றத்தையும் சேர்த்துவிடலாம் என்று அப்பாவின் காதில் சொன்னேன்.

"அப்பா, சாமிகிட்ட குப்பை போட்டது மாமாதான். கொப்பை எல்லாம் ஒடிச்சுப் போட்டு விளையாடினாரு. பாவம், அம்மா கூட்டிச்சு."

அப்பா என் பக்கம் திரும்பினார். "எங்க போட்டான்?"

"நாம போகாத தடத்துல எல்லாம்."

அப்பா மாமாவின் முதுகைப் பார்த்தார். பிறகு வாயைத் திறந்தபடி தூங்கும் அம்மாவைப் பார்த்தார். திடீரென்று அவர் வயிறு குலுங்க ஆரம்பித்தது. சத்தம் வராமல் சிரித்தார். "இதை அம்மாகிட்ட சொல்லாத" என்று என் தலையில் கை வைத்தார். எழுந்து முன்னால் போய், மாமாவின் தோளைப் பிடித்து அழுத்தித் தன் பக்கத்தில் கொண்டுவந்து உட்கார வைத்தார். எனக்கு ஜன்னல் ஓரம் போயிற்று.

மறுநாள் பாலக்கரையில் தாத்தா கேட்டபோது, "செய்யட்டும் மாமா. இவனை நம்பிப் புள்ளைங்களை அனுப்பலாம்" என்றார் அப்பா. அம்மாவுக்குத் தலைகால் புரியவில்லை. இப்படிப்பட்ட பெருந்தன்மை யாருக்கு வரும் என்று அந்த வாரம் முழுக்க அப்பாவுக்கு விதவிதமாகச் சமைத்துப் போட்டாள். மாமா இன்றும் பிள்ளைகளை மலைக்குக் கூட்டிப்போய்க்கொண்டுதான் இருக்கிறார். அம்மாவும் இன்றுவரை, வழி தெரியாமல் எங்களைக் காட்டில் அலையவிட்ட தன் தம்பியின் கதையை உறவுக்காரர்களிடம் சொல்லிக்கொண்டுதான் இருக்கிறாள். அப்பாவும் மாமாவும் தலை நிமிராமல் சாப்பிடுவார்கள்.

அன்று தாத்தா வீட்டில் நான் மட்டும் முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டு மூலையில் உட்கார்ந்திருந்தேன். கண்ணால் பார்த்ததை ஒன்று விடாமல் சொல்லியும் மாமாவுக்கு ஒரு திட்டுக்கூட விழவில்லையே, என் பேச்சுக்கு இந்த வீட்டில் ஒரு மதிப்பும் இல்லையே என்று எனக்கு அழுகையாக வந்தது.