செல்வாம்பாள் எடுத்துக்கொடுத்த அடி

உப்பளம் பேட்டையில் எங்கள் ஜெபவீடு தகரக் கூரை போட்ட நீளமான கொட்டகை. ஆண்கள் இடப்பக்கம், பெண்கள் வலப்பக்கம், நடுவில் ஆள் நடக்க வழி. ஞாயிறுதோறும் கூடுகிற அறுபது பேரில் பாட்டுப் புத்தகத்தைப் படிக்கத் தெரிந்தவர்கள் நாலைந்து பேர்தான். நான் ஒருவன். ஆனால் நான் பாடினால் கழுதைக்கே கோபம் வரும். அதனால் பாட்டுக்கு அடி எடுத்துக்கொடுக்கிற வேலை எழுபத்து நாலில் செல்வாம்பாளிடம் போனது.

அவள் ஒரு அடியை உரக்கச் சொல்வாள், எல்லோரும் திருப்பிப் பாடுவார்கள். அடுத்த அடி சொல்வாள், அதையும் பாடுவார்கள். அவள் மூச்சு விடுகிற இடத்தில்தான் இவர்களும் மூச்சு விடுவார்கள். "அவ நடுவுல தும்முனா நாங்களும் தும்மிட்டுதான் மேல பாடுவோம்" என்று கன்னியம்மாள் கேலி செய்வாள். கன்னியம்மாள் வீராம்பட்டினத்து மீனைக் கூடையில் சுமந்து விற்கிறவள். அவள் வாய்க்கு உப்பளமே பயப்படும்.

டோலக் வாசிப்பவன் செல்வாம்பாளின் புருஷன் இராமதாஸ், மில்லில் தறி ஓட்டுகிறவன். "புருஷன் அடிக்க, பெண்டாட்டி அடி எடுக்க, ஆண்டவருக்கு ஏற்ற குடும்பம்" என்று வெளியூரிலிருந்து பிரசங்கம் செய்ய வந்த ஊழியர் ஒருவர் மெச்சினார். எங்களில் யாருக்கும் சிரிப்பு வரவில்லை. அவன் வீட்டிலும் அடிக்கிறவன் என்பது தெருவுக்கே தெரியும். எரிகிற விறகால் அடித்திருக்கிறான். அவள் விரல்களைக் கதவிடுக்கில் வைத்து நசுக்கியிருக்கிறான். காரணம் ஒன்றுதான். ஜெபவீட்டில் அத்தனை பேரும் அவள் வாயைப் பார்க்கிறார்களாம்.

பாஸ்டர் ஐயாவிடம் இரண்டு தடவை போய் அழுதாள். "பொறுத்துக்கம்மா, ஜெபத்துல வைக்கிறேன்" என்றார். வைத்தார், அதோடு சரி. நாங்களும் அதற்கு ஆமென் சொன்னோம்.

எழுபத்தெட்டில், குருத்தோலை ஞாயிற்றுக்கு முந்தின நாள் அவன் கத்தியது பக்கத்து வீட்டில் இருந்த எனக்குத் தெளிவாகக் கேட்டது.

"நாளைக்கு நீ அடி எடுத்துக் குடுத்துப் பாருடி. வாய ஒடைச்சிடுவேன்."

"அது ஒண்ணுதான்யா எனக்குன்னு இருக்குது. அத வுட்டுட்டு நான் எதுக்கு உசுரோட இருக்கணும்?"

நாளை வரைக்கும் அவன் காத்திருக்கவில்லை. சுவருக்கு இந்தப் பக்கம் நான் போர்வையை இழுத்துப் போர்த்திக்கொண்டேன்.

காலையில் அவள் வந்தாள். மேல்வரிசை முன்பல் இரண்டும் இல்லை. முந்தானையை வாயில் அழுத்தியிருந்தாள், அது சிவந்திருந்தது. பின்னாலேயே அவன் டோலக்கோடு வந்தான். பாஸ்டர் ஐயா வேதம் வாசித்தார். ஒரு கன்னத்தில் அறைந்தால் மறு கன்னத்தையும் காட்டச் சொல்கிற பகுதி. வேண்டுமென்றே எடுத்தாரா, தற்செயலா, அவருக்குத்தான் வெளிச்சம்.

வாசிப்பு முடிந்ததும் செல்வாம்பாள் பாட்டுக்கு எழுந்தாள். 'நேசரே, என் வாசலில் காவலாய் நில்லும்' என்று பாட்டு. பல் போன வாயில் 'ச' நிற்கவில்லை.

"நேஹரே, என் வாஹலில்..."

இராமதாஸ் டோலக்கை வைத்துவிட்டு நடுவழியைத் தாண்டி வந்து அவளை அறைந்தான். மறு கன்னத்திலும் அறைந்தான். மயிரைப் பிடித்துக் கீழே தள்ளி வயிற்றில் மிதித்தான். ஆண்கள் பக்கத்தில் முப்பது பேர் இருந்தோம். எழுத்தே தெரியாதவன்கூடப் பாட்டுப் புத்தகத்துக்குள் தலையை விட்டுக்கொண்டான். வெட்கங்கெட்ட ஜென்மங்கள், நானும்தான்.

"ஜெபம் பண்ணுவோம்" என்றார் பாஸ்டர் ஐயா.

"இருங்கய்யா" என்றாள் அவள், தரையில் கிடந்தபடி. "ரெண்டு கன்னமும் குடுத்துட்டேன். மூணாவது கன்னம் ஆண்டவர் எனக்கு வைக்கல."

எழுந்தாள். அவன் வைத்துவிட்டு வந்த டோலக்கை இரண்டு கையாலும் தூக்கி அவன் தோளில் இறக்கினாள். எலும்பு முறிந்தது எல்லோருக்கும் கேட்டது. அவள் பெண்கள் பக்கம் திரும்பி, ஞாயிறுதோறும் சொல்கிற அதே குரலில் சொன்னாள்.

"அடுத்த அடி."

நாலு வருஷமாக அவள் எடுத்துக்கொடுத்ததைத் திருப்பிக் கொடுத்தே பழகியவர்கள். முதலில் கன்னியம்மாள் எழுந்தாள். பிறகு வரிசை வரிசையாக எழுந்தார்கள். குருத்தோலை கட்டியிருந்த மூங்கில், விளக்குமாறு, வாசலில் கிடந்த செருப்பு, எது கிடைத்ததோ அது. அவன் முதுகுத்தோல் கிழிந்து சட்டையோடு ஒட்டிக்கொண்டது. பாஸ்டர் ஐயா சுவரோரம் நின்று உரக்க ஜெபித்தார். அந்தத் தடவை ஒருவரும் ஆமென் சொல்லவில்லை.

இதைச் சந்தோஷமாகச் சொல்கிறேனா என்று கேட்டால், ஆமாம், சந்தோஷமாகத்தான் சொல்கிறேன்.

அவனை அரியாங்குப்பத்தில் அவன் அண்ணன் வீட்டுக்குத் தூக்கிப் போனார்கள். அடுத்த ஞாயிறு ஈஸ்டர். டோலக் இல்லாமல் செல்வாம்பாள் அடி எடுத்துக்கொடுத்தாள். "நேஹரே, என் வாஹலில்" என்று அவள் சொல்ல, அறுபது பேரும் "நேஹரே, என் வாஹலில்" என்றே பாடினார்கள். பிறகு வந்து சேர்ந்தவர்களும் அப்படியே கற்றுக்கொண்டார்கள். புதிதாக வந்த பாஸ்டர் இரண்டு வருஷம் திருத்திப் பார்த்துவிட்டு, கடைசியில் தானும் அப்படியே பாடினார்.

எண்பத்து மூன்றில் இராமதாஸ் திரும்பி வந்தான். ஒரு தோள் இறங்கியிருந்தது. அவள் வீட்டுக்குள் சேர்க்கவில்லை. ஜெபவீட்டுக்கு வருகிறவனை யாரும் தடுக்க முடியாது. கடைசி வரிசையில் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தான். செல்வாம்பாள் எழுந்து, அவன் இருந்த பக்கம் திரும்பாமல், அடி எடுத்துக்கொடுத்தாள். எழுத்துத் தெரியாதவன், எல்லோரையும் போல வாயைத் திறந்தான்.

"நேஹரே, என் வாஹலில் காவலாய் நில்லும்" என்று பாடினான்.

நான் அவன் வாயைப் பார்த்தேன். பல் ஒன்றுகூடக் குறையவில்லை.