இடது பெருவிரல் இல்லாத ஆள்

அம்மா படுக்கையில் விழுந்த ஐந்தாவது மாதம் என்னிடம் ஒரு வேலை சொன்னார். அப்பா செத்துவிட்டாரா இல்லையா என்று விசாரித்து வரவேண்டும்.

எண்பதுகளின் தொடக்கம் அது. எனக்கு நாற்பது தாண்டியிருந்தது. ஆறாம் வகுப்போடு நின்றவள் நான். பிஸ்கட் கம்பெனியில் பேக்கிங் வேலை. கல்யாணம் அமையவில்லை. அண்ணன் குடும்பத்தோடு செமினியில் இருந்தார். கிள்ளான் வீட்டில் நானும் அம்மாவும் மட்டும்தான்.

அப்பாவின் முகம் எனக்குத் தெரியாது. எனக்கு இரண்டு வயது இருக்கும்போது, காப்பாரில் நாங்கள் இருந்த தென்னந்தோட்டத்திலிருந்து ஜப்பான்காரர்கள் அவரைச் சயாம் ரயில் பாதை வேலைக்கு லோரியில் ஏற்றிப்போனார்கள். சண்டை முடிந்தபிறகு தோட்டத்து ஆபீசுக்கு ஒரு பட்டியல் வந்தது. சயாமில் உயிரோடு இருக்கிறவர்களின் பட்டியல் என்றார்கள். அப்பாவின் பெயரும் அதில் இருந்தது. ஆபீஸ் கிராணி விரலை வைத்துப் படித்துக் காட்டினாராம். அன்றிலிருந்து அம்மா காத்திருந்தார்.

பட்டியலில் இருந்த வேறு சிலர் எலும்பும் தோலுமாக வந்து சேர்ந்தார்கள். அப்பா வரவில்லை. அம்மா தாலியைக் கழற்றவில்லை, பொட்டை அழிக்கவில்லை. குழாயடியில் பெண்கள் கேலி செய்வார்கள். "உம் புருஷன் அங்க ஒரு சயாம்காரியோட குடும்பம் நடத்துறாரு போல." அம்மா குடத்தைத் தூக்கிக்கொண்டு வந்துவிடுவார். செத்த தேதி தெரியாததால் எங்கள் வீட்டில் அப்பாவுக்குத் திதி கொடுத்ததே இல்லை. ஆடி அமாவாசைக்கு மற்ற வீடுகளில் படையல் போடும்போது எங்கள் வீட்டில் சாதாரணமாகச் சமைத்துச் சாப்பிடுவோம்.

படுத்தபிறகுதான் அம்மாவுக்குச் சந்தேகம் வந்தது. "இல்லாத மனுசனுக்குப் பொட்டு வெச்சுக்கிட்டுப் போனேன்னா, அங்க அவரு முன்னால எப்படி நிப்பேன்? கேட்டுட்டு வா" என்றார்.

யாரிடம் கேட்பது? கம்பெனியில் என்னோடு வேலை செய்த ஒரு பெண்தான் சொன்னாள். பிரிக்பீல்ட்ஸில் ஒரு படிப்பகத்தார் ஞாயிற்றுக்கிழமை இளைஞர்களைக் கூட்டிக்கொண்டு நடந்தே சுற்றிக் காட்டுகிறார்களாம், நம் ஆட்கள் எங்கே வந்து இறங்கினார்கள், எங்கே வேலை செய்தார்கள் என்று. முன்னால் நடந்து விளக்குகிறவர் ரயில்வேயில் கிளார்க்காக இருந்து ஓய்வுபெற்றவர், சயாமுக்குப் போய் உயிரோடு திரும்பியவர்.

பஸ் பிடித்துப் போனேன். பத்துப் பேர் போல இருந்தார்கள், எல்லாம் சின்ன வயசு. நான் கடைசியில் ஒட்டிக்கொண்டேன். முன்னால் நடந்த பெரியவர் யாழ்ப்பாணத்துக்காரர். வெள்ளைக் கால்சட்டை, கையில் மடக்கிய குடை. வேகமாக நடந்தார்.

முதலில் ஆற்றோரம் போனோம். செங்கல் சூளைகள் இருந்த இடம் என்று குடையால் காட்டினார். புல்லும் குப்பையும்தான் இருந்தன. சூளையில் வேலை செய்தவர்களின் பெயர் எங்கேயும் எழுதிவைக்கப்படவில்லை என்றார். பிறகு ரயில்வே குவார்ட்டர்ஸ். வரிசை வரிசையாக ஒரே மாதிரி வீடுகள், வாசலில் துணி காய்ந்தது. கிளார்க்குகளுக்கு எந்த வரிசை, தண்டவாளக் கூலிகளுக்கு எந்த வரிசை என்று பிரித்துச் சொன்னார். தான் முதல் வரிசையில் இருந்ததையும் மறைக்கவில்லை. பின்பக்கச் சந்தில் நாற்றம் தாங்கவில்லை. ஒரு பையன் மூக்கைப் பிடித்துக்கொண்டு, "அங்கிள், இங்க பார்க்க என்ன இருக்கு லா? வெறும் சாக்கடை" என்றான்.

"அந்தச் சாக்கடையை வெட்டினதும் உன்ர ஆக்கள்தான் தம்பி. வடிவாப் பார்" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். அவர் சிரிக்கவில்லை.

கடைசியாக, சரக்கு ரயில்கள் நிற்கும் இடத்துக்கு வெளியே வேலியோரம் நிறுத்தினார். சயாமுக்கு ஆட்களை ஏற்றிய பெட்டிகள் இங்கேதான் நின்றன என்றார். மாடு ஏற்றுகிற இரும்புப் பெட்டிகள். வெயிலில் தொட்டால் கை வெந்துவிடும். உள்ளே உட்கார இடமில்லை. தன்னையும் அதே ரயிலில், கணக்கெழுதும் கிராணியாக ஏற்றினார்கள் என்றார். ஒருத்தி நோட்டில் எழுதிக்கொண்டிருந்தாள்.

நடை முடிந்து எல்லோரும் ரோட்டோரத்து ஒட்டுக்கடையில் தேத்தண்ணீர் குடித்தார்கள். நான் அவர் மேசைக்குப் பக்கத்தில் போவதும் திரும்புவதுமாக இருந்தேன். அவரே கூப்பிட்டு என்ன பிள்ளை என்று கேட்டார். காப்பார் தோட்டம் என்றேன். அப்பாவின் பெயரைச் சொன்னேன். அந்தப் பெயரில் எத்தனையோ பேர் என்று தலையை ஆட்டினார். வேறு என்ன சொல்வது என்று தெரியாமல், அம்மா எனக்குச் சொன்ன ஒரே அடையாளத்தைச் சொன்னேன். தேங்காய் உரிக்கும்போது அப்பாவுக்கு இடது கைப் பெருவிரல் போய்விட்டது.

அவர் கோப்பையைக் கீழே வைத்தார்.

அரிசி வாங்கும்போது கைநாட்டு வைப்பவர்கள் எல்லாம் இடது பெருவிரலைத்தான் பதிக்கவேண்டும். சயாமில் அவர் கணக்கெழுதிய முகாமில் ஒரே ஒரு ஆளுக்கு மட்டும் வலது விரலைப் பதித்து, ஏன் என்று பக்கத்தில் குறிப்பு எழுதினாராம். அதனால் மறக்கவில்லை என்றார். மழைக்காலத்தில் வாந்திபேதி வந்தது. ஆடி அமாவாசைக்கு முந்தின நாள் அப்பாவை ஆற்றுக்கு அந்தப் பக்கம் இருந்த கொட்டகைக்குத் தூக்கிப்போனார்கள். அங்கே போனவர்கள் திரும்புவதில்லை. மறுநாள் கொட்டகையோடு எரித்தார்கள். எரிக்கும்போது எல்லோரும் செத்திருந்தார்களா என்று நான் கேட்கவில்லை. அவரும் சொல்லவில்லை.

ஆனால் பட்டியலில் உயிரோடு இருக்கிறார் என்று வந்ததே என்று கேட்டேன்.

அவர் மேசையைப் பார்த்துக்கொண்டே சொன்னார்:

"செத்தவன்ர பேரை வெட்டினால் அவன்ர அரிசியையும் வெட்டுவாங்கள், பிள்ளை. அதால நான் வெட்டேல்ல. உங்கட அப்பாவின்ர இடத்தில என்ர விரலைப் பதிச்சு, சண்டை முடியும் மட்டும் அவற்ற அரிசியை வாங்கினனான். நாங்கள் கொஞ்சப்பேர் அதிலதான் உயிர் தப்பினாங்கள். பிறகு அந்தப் பேர்த் தாள் ஊருக்குப் போகுமெண்டு நான் யோசிக்கேல்ல."

தன் வலது பெருவிரலை இன்னொரு கையால் மூடிக்கொண்டார். எனக்கு அவர்மேல் கோபம் வந்ததா என்று இன்றும் தெரியவில்லை. அவரே காசு கொடுத்தார். பஸ் நிறுத்தம் வரை கூட வந்தார். அம்மாவைப் பார்க்க வரட்டுமா என்று கேட்டார். வேண்டாம் ஐயா என்றேன்.

வீட்டுக்கு வந்து அம்மாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன், எரித்ததைத் தவிர. அம்மா கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். அழவில்லை. அந்த அரிசியை எத்தனை பேர் சாப்பிட்டார்கள் என்று மட்டும் கேட்டார். தெரியாது, கொஞ்சம் பேர் என்றேன்.

பிறகு கத்தரிக்கோலை எடுத்துவரச் சொன்னார். நான் தயங்கினேன். "நாப்பது வருசமாச்சு. இன்னும் என்னத்துக்கு? வெட்டு" என்றார். மஞ்சள் கயிற்றை வெட்டினேன். நைந்துபோன கயிறு, உடனே அறுந்துவிட்டது. ஈரத்துணியால் பொட்டைத் துடைத்தேன். அந்த இடத்தில் தோல் மட்டும் வெளுத்திருந்தது.

"நான் போறப்ப பூ, மஞ்சள் எதுவும் வேணாம். அண்ணன்கிட்ட சொல்லிடு" என்றார். சரி என்றேன்.

அண்ணனுக்குப் போன் செய்ய இரண்டு முறை மூலைக்கடைக்குப் போனேன். கடையில் ஆட்கள் நின்றார்கள். அவர்கள் முன்னால் இதை எப்படிப் பேசுவது என்று திரும்பி வந்துவிட்டேன். நேரில் வரும்போது சொல்லிக்கொள்ளலாம் என்று இருந்தேன். பன்னிரண்டாம் நாள் விடியும்போது அம்மா போய்விட்டார்.

அண்ணன் வரும்போதே சிவப்புக் கரை வைத்த மஞ்சள் சேலையும் மல்லிகைப் பந்தும் வாங்கி வந்திருந்தார். வீடு நிறைய ஆட்கள். "எங்கம்மா சுமங்கலியா போறாங்க" என்று வாசலில் நின்றவர்களிடம் சொல்லிக்கொண்டிருந்தார். அப்படிச் சொல்லும்போது அவர் குரலில் ஒரு பெருமை இருந்தது. சின்ன வயதில் அவரும் எத்தனை கேலிகளைக் கேட்டிருப்பார்.

பக்கத்து வீட்டு அக்கா அம்மாவின் கழுத்தைப் பார்த்துவிட்டு, "கயிறு எங்க?" என்று என்னைக் கேட்டார். அத்தனை பேரும் என்னைப் பார்த்தார்கள்.

"நைஞ்சு அறுந்துபோச்சு" என்றேன்.

அவர் புதுக் கயிற்றில் மஞ்சள் துண்டைக் கோத்து, மூன்று முடிச்சுப் போட்டுக் கட்டினார். நெற்றி நிறையக் குங்குமம் வைத்தார்கள். தலை தெரியாத அளவுக்குப் பூ. வெட்டிய பழைய கயிறு என் கைக்குள்தான் இருந்தது. கையை முந்தானையில் மறைத்துக்கொண்டு அவர்கள் தூக்கிப்போகும் வரை நின்றேன்.

இப்போது ஆடி அமாவாசைக்கு முந்தின நாள் அப்பாவுக்கென்று நான் மட்டும் ஒரு இலையில் சோறு வைக்கிறேன். அண்ணனிடம் இன்னும் சொல்லவில்லை. அப்பாவின் பெயரை வெட்டாமல் விட்டதில் நான் இரண்டாவது ஆள். அந்தப் பெரியவராவது சோற்றுக்காகச் செய்தார்.