தகரத்தில் மூன்று பெயர்கள்

இதை யாரிடமும் காட்டிவிடாதீர்கள். தாத்தாவைத் தெரிந்தவர்கள் மட்டும் படியுங்கள். என் அப்பா கண்ணில் பட்டால் அவ்வளவுதான். தாத்தாவின் பதினாறாம் நாளுக்கு நினைவு மலர் அச்சடிக்கிறார்கள். அதில் போட ஒரு பக்கம் எழுதச் சொன்னார் அப்பா. "அந்த மோட்டார் கடைப் பொண்ணு பேரு வரக்கூடாது" என்றார். அப்படியே எழுதிக் கொடுத்துவிட்டேன். அன்றிலிருந்து தூக்கம் இல்லை. இது இன்னொன்று.

செய்தி வந்தபோது கணக்கு வகுப்பு. ஆயாம்மா வந்து, "பையையும் எடுத்துக்கிட்டு வா தாயி" என்றார். பை என்றதுமே தெரிந்துவிட்டது. பள்ளிக்கூட ஆபீஸ் போனில் நான் முதலில் கூப்பிட்டது வீட்டை இல்லை. திருப்பரங்குன்றத்தில் எரிந்த மோட்டாருக்குப் புதுசாக் கம்பி சுற்றி காயில் கட்டும் கடையை. மாரி அக்கா அங்கேதான் வேலை பார்க்கிறாள். பின்னால் ஏதோ மோட்டார் ஓடிக்கொண்டிருந்தது. "கேக்கல பாப்பா, சத்தமாச் சொல்லு" என்றாள். "தாத்தா செத்துப்போயிட்டாங்க" என்று ஆபீஸே திரும்பிப் பார்க்கும்படி கத்தினேன். அதற்குப் பிறகு எதையும் நான் சத்தமாகச் சொல்லவில்லை.

தாத்தா பெயர் ரெங்கசாமி. மில்லில் ஃபிட்டராக இருந்தவர். திருநகரில் எங்கள் வீட்டுக்குப் பின்னால் ஒரு கொட்டகை போட்டு எதையாவது கண்டுபிடித்துக்கொண்டே இருப்பார். பூனை வந்தால் மணி அடிக்கும் பால் பாத்திரம் ஒன்று செய்தார். பூனை வராவிட்டாலும் அடிக்கும். கடைசியாகக் கையில் எடுத்தது புளியில் கொட்டை எடுக்கும் மெஷின். ஐந்து வருடம். கொட்டை வராது, மோட்டார்தான் எரியும். ஒரே மாதத்தில் மூன்றாவது தடவை எரிந்த மோட்டாரைக் கொண்டுபோனபோது நானும் கூடப் போனேன். மாரி அக்கா அதைத் தொடவே இல்லை.

"பெரியவரே, வயித்துவலிக்காரன வீட்ல படுக்க வச்சுட்டு அவன் சட்டைய மட்டும் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவாரீங்களே. மெஷினக் காட்டுங்க."

"எம்புட்டு வாய் பாரு இவளுக்கு!" என்றார் தாத்தா. முகமெல்லாம் சந்தோஷம். மெஷினைக் காட்டச் சொல்லி அவரிடம் அதுவரை யாரும் கேட்டதில்லை.

ஞாயிற்றுக்கிழமை வந்தாள். மெஷினுக்குள் புளி படுத்த வாக்கில் கிடந்து நசுங்குவதைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். "எங்கம்மா சின்ன வயசுலேருந்து புளி தட்டுது. நிமித்தி வச்சு முதுகுல ஒரு தட்டு, கொட்ட தெறிச்சிரும். நீங்க வயித்துல அடிக்கிறீங்க" என்றாள். தாத்தா ஐந்து வருடம் புளியை அளந்தார், வரைந்தார், நிறுத்தார். புளி தட்டுகிற ஒரு பொம்பளையிடம் போய்க் கேட்க அவருக்குத் தோன்றவில்லை. எங்கள் வீட்டில் யாருக்குமே தோன்றியிருக்காது. "ஒரு முழு முட்டாளுக்குப் பேத்தியாப் பொறந்திருக்க பாப்பா" என்று அன்று என்னிடம் நாலு தடவை சொன்னார். அதற்குப் பிறகு இரண்டு பேரும் ஞாயிறுதோறும் சண்டை போட்டுக்கொண்டே வேலை பார்த்தார்கள்.

இப்போது எழுதும்போதே மாடிப்படியில் சத்தம் கேட்ட மாதிரி இருந்தது. இல்லை, ஃபேன்தான்.

டீ விஷயத்தையும் சொல்ல வேண்டும். அம்மா தாத்தாவுக்குச் சில்வர் டம்ளரிலும் அக்காவுக்குப் பேப்பர் கப்பிலும் கொடுப்பாள். அக்கா வீட்டார் எங்கள் சொந்த ஊரில் எங்கள் வயலில் கூலிக்கு நின்றவர்கள். இதை வீட்டில் யாரும் வாயால் சொல்வதில்லை, கப்பால் சொல்வார்கள். ஒரு நாள் தாத்தா டம்ளரைத் திருப்பிக் கொடுத்து, "எனக்கும் அதுலயே குடும்மா" என்றார். "பாக்கிறவங்க என்னைய என்ன நெனப்பாங்க மாமா?" என்றாள் அம்மா. "டீ நல்லாருக்குன்னு நெனப்பாங்க." கடைசி நாள் வரை அவர் பேப்பர் கப்பில்தான் குடித்தார்.

நான் அதைப் பெரிய விஷயமாக நினைத்தேன். மாரி அக்கா சிரித்தாள். "நீங்க கப்புக்கு எறங்குனா எனக்கென்ன பெரியவரே? என்னைய டம்ளருக்கு ஏத்த முடியுதா, பாருங்க."

அதைக் கேட்ட தாத்தா ரெண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை. மோட்டார் எரியாமல் மெஷின் ஓடிய அன்று ஒரு தகரத்தை வெட்டி, ஆணியால் புள்ளி புள்ளியாகத் தட்டி மூன்று பெயர்களைப் பொறித்து, மெஷின் நெற்றியில் முடுக்கினார். "டம்ளர் என் கையில இல்ல தாயி. தகரம் என் கையில இருக்கு" என்றார். அக்கா விரலால் அந்தப் புள்ளிகளைத் தடவிப் பார்த்தாள்.

தாத்தாவைத் தூக்கிய அன்று அவள் மாலையோடு தெருமுனையில் நின்றாள். அப்பா போய், "வந்ததுல சந்தோசம்மா, கெளம்பு" என்றார். பாடை தாண்டிப் போனதும் மாலையைச் சாலையிலேயே வைத்துவிட்டுப் போனாள். அடுத்து வந்த பஸ் அதன்மேல் ஏறிப் போனதை நான் பார்த்தேன்.

பதினாறாம் நாள் சொந்தக்காரர்கள் முன்னால் மெஷினை ஓட்டிக் காட்டப்போகிறார்கள். தாத்தா பெயர் மட்டும் போட்ட புதுப் பலகை வந்துவிட்டது. அப்பா பழைய தகரத்தைக் கழற்றிக் கொட்டகை மூலையில் எறிந்தார். அது இப்போது என் தலையணை உறைக்குள் இருக்கிறது. ஓரம் கிழித்து விரலில் ரத்தம். சாப்பிடும்போது அப்பா, "அந்தத் தகரத்த யாரு எடுத்தா?" என்று கேட்டார். என் விரலைப் பார்த்தார் என்று நினைக்கிறேன். காலையில் பள்ளிக்கூடம் போகிற வழியில் திருப்பரங்குன்றத்தில் இறங்கி, தகரத்தையும் இந்தத் தாள்களையும் அக்கா கையில் கொடுத்துவிட வேண்டும். காலை வர வேண்டும்.

தாத்தாவின் துணிச்சல் எனக்கு வந்துவிட்டது என்று முடிக்க ஆசைதான். வரவில்லை. அவரிடமிருந்து என்னிடம் மிஞ்சியிருப்பது அந்தத் தகரம் மட்டும்தான். அதையும் பிடுங்கிக்கொண்டால் இங்கேயாவது இருக்கட்டும் என்று, அவர் பொறித்த வரிசையிலேயே எழுதுகிறேன்.

பேச்சியம்மா, புளி தட்டுகிறவர்.
மாரி, அவர் மகள்.
அதற்குக் கீழே, சின்ன எழுத்தில், ரெங்க

கதவைத் தட்டுகிறார்கள்