முப்பத்து நான்கு சதவீதம்

ஹசன் அலி சவூதியில் பதினோரு வருடம் லாரி ஓட்டிவிட்டுத் திருப்பாலைக்குடிக்குத் திரும்பி, சிறிய ஃபைபர் படகில் மீன்பிடிக்கப் போனவர். செல்போனை எப்போதும் நூறு வரை ஏற்றுவார். கடலில் அதை இன்ஜின் மூடிமேல் வெயிலில் போட்டுவைப்பார். அவசரத்துக்கென்று பழைய செல் ஒன்றுக்கும் முழு சார்ஜ் ஏற்றி, படகின் டப்பாவில் வைத்திருந்தார். வருடம் ஒன்றாகியும் அதை எடுத்துப் பார்க்கவில்லை.

போன மாதம், ஆடியில், ஒரு நண்பகலில் நடுக்கடலில் இன்ஜின் நின்றது. உடன் மச்சினன் சதக் மட்டுமே. மேற்கிலிருந்து வீசும் கச்சான் காற்று படகைக் கிழக்கே தள்ளியது. நங்கூரம் சேற்றில் பிடிக்காமல் இழுபட்டது.

செல்லில் முப்பத்து நான்கு சதவீதம் இருந்தது. மனைவி மர்ஜானாவைக் கூப்பிட்டார். "மர்ஜானா..." என்றதுமே அணைந்துவிட்டது.

"மச்சான், அந்தப் பழசை எடுங்க!" சதக் கத்தினான். அவன் செல்லை மகள் கேட்டாளென்று வீட்டில் விட்டு வந்திருந்தான்.

டப்பாவைத் திறந்தார். பழைய செல்லின் முதுகு உப்பிக் கிடந்தது. எவ்வளவு அழுத்தியும் உயிர் வரவில்லை.

"யா அல்லாஹ், இலங்கை எல்லைக்கு அங்கிட்டுப் போயிருவோமே," என்று சதக் அழத் தொடங்கினான். ஹசன் அலி, கொதித்துக் கிடந்த செல்லைப் பலகைக்கு அடியில், நிழலில் வைத்தார். இருவரும் மாறிமாறித் துடுப்பு வலித்தார்கள். உள்ளங்கை கிழிந்ததுதான் மிச்சம், கரை மறைந்தேபோனது.

அரைமணி கழித்து செல்லை அழுத்தினார். ஆறு சதவீதம் காட்டியது. பேசினால் அணைந்துவிடும். 'இன்ஜின் போச்சு' என்று தட்டி, படகின் ஜி.பி.எஸ். கருவி காட்டிய இட எண்களைச் சேர்த்து அனுப்பினார். அது போனதா என்று பார்ப்பதற்குள் திரை இருண்டது.

மூன்று மணி நேரம் படகு கிழக்கே நகர்ந்துகொண்டே இருந்தது. பிறகுதான் அதே ஊர் மீனவர் முனீஸ்வரன் படகின் சத்தம் கேட்டது. மர்ஜானா செய்தியைத் தூக்கிக்கொண்டு கரையெங்கும் ஓடியிருக்கிறாள்.

மறுநாள் இராமநாதபுரத்தில் செல்போன் பழுதுபார்க்கும் கடையில் மாரிச்செல்வி இரண்டு செல்லையும் திறந்து பார்த்தாள். "ரெண்டு பேட்டரியும் சூட்டுலயும் முழு சார்ஜ்லயும் கெடந்தே செத்துப்போச்சுண்ணே, அதான் முப்பத்து நாலு காட்டியும் அணைஞ்சிருச்சு. நூறுலயே வச்சிருக்காதீங்க, எம்பது போதும். இருபதுக்குக் கீழயும் விடாதீங்க. சும்மா எடுத்து வைக்கிறதுன்னா பாதி சார்ஜ்ல நெழல்ல வைங்க, ரெண்டு மூணு மாசத்துக்கு ஒருக்கா பாத்து ஏத்துங்க. கடலுக்குப் போற அன்னைக்கு மட்டும் முழுசா ஏத்திக்கிட்டுப் போங்க."

ஹசன் அலி தலையாட்டினார். புது பேட்டரி போட்டு வீடு வந்ததும் மர்ஜானா கேட்டாள்: "கடலுக்கு எப்பப் போறீக?"

"தெரியல," என்றார். இன்ஜினைச் சரிசெய்தும், ஒரு மாதமாகப் படகு கரையிலேயே கிடக்கிறது.